மூளையைத் தூண்டினால் ரத்தத்தில் சர்க்கரை ஏன் ஏறுகிறது?

வீட்டில் நன்றாக இருக்கும் பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள். கூடைக்குள் அடைத்து, வண்டியில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் இடத்தில் காத்திருக்க வைத்து, ஒருவர் அமுக்கிப் பிடிக்க இன்னொருவர் ரத்தம் எடுக்கிறார். சர்க்கரை 300 மில்லிகிராம் என்று வருகிறது. அமைதியாக இருக்கும் பூனைக்குச் சாதாரணமாக அது 150-க்குள் இருக்கும். இந்த ஒரு எண்ணை வைத்து நீரிழிவு என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும். விவரம் தெரிந்த மருத்துவர் ஃப்ரக்டோசமைன் என்ற இன்னொரு சோதனையும் எழுதித் தருவார். கடந்த இரண்டு மூன்று வாரங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதை அது காட்டிவிடும். அது சரியாக இருந்தால் பூனைக்கு வந்தது நோய் அல்ல, பயம்.

பயம் மூளையில் நடப்பது. சர்க்கரை ரத்தத்தில் இருப்பது. சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், இன்சுலின் அதை இறக்கும் என்று மட்டும் படித்தவர்களுக்கு இந்தப் பூனை ஒரு புதிர்தான். அது எதையும் சாப்பிடவில்லை, அதன் கணையத்திலும் கோளாறு இல்லை. பின்னே அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் கல்லீரல். உணவிலிருந்து வரும் குளுக்கோஸில் ஒரு பகுதியைக் கல்லீரல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. அறுவடை நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி வைத்து, வேண்டும்போது கீழ்வாயைத் திறந்து அளந்து எடுப்பது போன்ற ஏற்பாடு. அந்த வாயைத் திறப்பதிலும் மூடுவதிலும் இன்சுலினுக்கும், அதற்கு எதிராகச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் என்ற கணைய ஹார்மோனுக்கும் பங்கு உண்டு என்பது பலருக்கும் தெரியும். மூளைக்கும் அதில் நேரடியாக ஒரு கை இருக்கிறது என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படாத விஷயம். யோசித்துப் பார்த்தால் அது நியாயமும்கூட. மனித மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு 120 கிராம் போல குளுக்கோஸ் அதற்கு வேண்டும், தனக்கென்று அது சேர்த்து வைத்திருப்பதோ மிகக் கொஞ்சம். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் முதலில் தடுமாறுவது மூளைதான். அப்படிப்பட்ட ஒன்று சர்க்கரையின் வரவைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பாரிஸில் ஒரு ஊசிக்குத்து

இதை முதலில் கண்டவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார். 1849-இல் அவர் செய்த சோதனை இன்றைக்கும் உடலியல் பாடத்தில் வருகிறது. முயலின் பின்மண்டை வழியாக ஒரு ஊசியை நுழைத்து, மூளை தண்டுவடத்தோடு சேரும் முகுளத்தை ஒட்டியுள்ள நான்காம் மூளை அறையின் தரையில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் குத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்த முயலின் ரத்தத்தில் சர்க்கரை கூடி, சிறுநீரிலும் இறங்கியது. சில மணி நேரம் கழித்துத் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பியது. ஒரு ஊசிக்குத்தில் தற்காலிக நீரிழிவு!

இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கு அடுத்து வருவது. மூளையடியிலிருந்து வயிற்று உறுப்புகள் வரை இறங்கும் வேகஸ் நரம்பின் வழியாகத்தான் மூளை கல்லீரலைத் தூண்டுகிறது என்று பெர்னார் எண்ணியிருந்தார். அந்த நரம்பு தொடங்கும் இடம் என்பதால்தான் அங்கே குத்தினார். தன் எண்ணம் சரிதானா என்று பார்க்க இரண்டு பக்க வேகஸ் நரம்புகளையும் வெட்டிவிட்டுக் குத்திப் பார்த்தார். அப்போதும் சர்க்கரை ஏறியது. ஆக, செய்தி வேகஸ் வழியாகப் போகவில்லை. தண்டுவடத்தின் வழியாக இறங்கி வயிற்றுக்குள் போகும் பரிவு நரம்புகளை, அதாவது ஆபத்தில் உடலை முடுக்கிவிடும் நரம்புகளைத் துண்டித்தபோதுதான் விளைவு நின்றது. அவர் போட்ட கணக்கு தப்பு, கண்ட காட்சி உண்மை. கணக்குக்காகக் காட்சியை அவர் வளைக்கவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்த்தார்கள். நீண்ட நேரம் பட்டினி போட்டு, கல்லீரலில் கிளைக்கோஜனே இல்லாமல் செய்த விலங்கைக் குத்தினால் சர்க்கரை ஏறுவதில்லை. பத்தாயம் காலியாக இருந்தால் வாயைத் திறந்து என்ன பயன்? சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளை எடுத்துவிட்டாலும் குத்து வேலை செய்வதில்லை என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரிந்தது. அப்படியென்றால் நரம்பு மட்டும் போதாது, நடுவில் அட்ரீனலின் என்ற ஹார்மோனுக்கும் வேலை இருக்கிறது.

இந்தச் சோதனைகளின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்களில் விலங்குகள் பட்ட பாடு கொடுமையானது. பெர்னாரின் மனைவியே உயிருள்ள விலங்குகளை அறுத்துச் செய்யும் சோதனைகளைக் கடுமையாக எதிர்த்தார். கடைசியில் இருவரும் பிரிந்தார்கள். அந்த அம்மையாரின் பக்கத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. இன்று நெறிக்குழுவின் அனுமதி, வலி நீக்கும் மருந்து, விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் கட்டாயம் எல்லாம் இருக்கின்றன. அவை கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

செய்தி போகும் வழிகள்

அமெரிக்காவில் ஹார்வர்டில் வால்டர் கேனன் 1911-இல் ஊசியே இல்லாமல் இதே விளைவைக் காட்டினார். கூண்டுக்குள் இருக்கும் பூனையின் முன்னால் நாயைக் குரைக்க வைத்தார். பூனையின் சிறுநீரில் சர்க்கரை வந்தது. அட்ரீனல் சுரப்பிகளை நீக்கிய பூனைகளை மிரட்டியபோது வரவில்லை. அவர் மனிதர்களிடமும் சோதித்துப் பார்த்தார். 1913-இல் ஒரு முக்கியமான கால்பந்துப் போட்டி முடிந்ததும் ஹார்வர்ட் அணியைச் சேர்ந்த 25 பேரின் சிறுநீரைச் சோதித்தார்கள். 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அந்த 12 பேரில் 5 பேர் மைதானத்தில் இறங்கவே இல்லை, மாற்று ஆட்டக்காரர்களாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். ஓடாமலே, வெறும் பரபரப்பிலேயே அவர்களுடைய கல்லீரல் சர்க்கரையை எடுத்து விட்டிருந்தது.

மூளையிலிருந்து உறுப்புகளுக்குச் செய்தி போக மூன்று வழிகள் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது, நரம்பு நேராக உறுப்புக்கே போவது. பரிவு நரம்பின் முனை கல்லீரல் செல்லின் அருகிலேயே நார்அட்ரீனலினை விடுகிறது. கிளைக்கோஜனை உடைக்கும் நொதி ஒரு நிமிடம் ஆவதற்குள் சுறுசுறுப்பாகிவிடும். இதே நரம்புகள் கணையத்துக்கும் போகின்றன. அங்கே குளுக்ககானைக் கூட்டி, இன்சுலினை அடக்கி வைக்கின்றன. சர்க்கரை ஏறியும் இன்சுலின் ஏன் எழவில்லை என்ற கேள்விக்கு இதுதான் பதில். சர்க்கரையைக் கொண்டுவரச் சொன்ன கையே அதை இறக்கும் கையையும் பிடித்து வைக்கிறது.

இரண்டாவது வழி, நரம்பு அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி வரை போய் அங்கிருந்து அட்ரீனலின் ரத்தத்தில் கலப்பது. ரத்தம் போகும் இடமெல்லாம் செய்தியும் போகும்.

மூன்றாவது வழி கொஞ்சம் மெதுவானது, ஆனால் நெடுநேரம் நீடிப்பது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதன் கீழே பிட்யூட்டரி சுரப்பி தொங்குகிறது. ஹைப்போதலாமஸ் தூண்டினால் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை விடும். அது அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதியைத் தட்டி எழுப்பும். அங்கிருந்து மனிதர்களில் கார்ட்டிசோலும் எலிகளில் கார்ட்டிகோஸ்டீரோனும் வெளிவரும். இவை தசைப் புரதத்தை உடைத்து அதிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் செய்யக் கல்லீரலைத் தூண்டுகின்றன.

இந்த மூன்றாவது வழியை நிறுவியதில் பிரிட்டனின் ஜெஃப்ரி ஹாரிஸுக்குப் பெரிய பங்கு உண்டு. மயக்கத்தில் இருக்கும் விலங்கு, கயிற்றில் கட்டிய விலங்கு இரண்டுமே இயல்பான விலங்கு அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் முயலின் தலைத்தோலுக்கு அடியில் ஒரு சிறு கம்பிச்சுருளைப் புதைத்துவிட்டு, வெளியே இருக்கும் இன்னொரு சுருளின் மூலம் தொலைவிலிருந்தே மின்சாரத்தைத் தூண்டினார். முயல் விழித்துக்கொண்டு, கட்டில்லாமல் உலவும். 1940-களுக்கு இது அசாத்தியமான கைவேலை. 1950-இல் ஹாரிஸும் உடன் ஆய்வாளர் ஒருவரும் இப்படித் தூண்டியபோது, ஹைப்போதலாமஸின் பின்பகுதியைத் தூண்டிய முயல்களின் ரத்தத்தில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் குறைந்தன. அட்ரீனல் ஹார்மோன் கூடியதற்கு அது அடையாளம். பிட்யூட்டரியின் முன்பகுதியையே நேராகத் தூண்டினால் ஒன்றும் நடக்கவில்லை. காரணம், அந்தப் பகுதிக்கு மூளையிலிருந்து கட்டளை நரம்பு வழியாக வருவதில்லை. ஹைப்போதலாமஸ் விடும் ரசாயனங்களை மிகச் சிறிய ரத்தக்குழாய்கள் சுமந்துவந்து அங்கே இறக்குகின்றன. அந்த ரசாயனங்களைப் பிரித்தெடுத்ததற்காக ரோஜே கீமனும் ஆண்ட்ரூ ஷாலியும் 1977-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

பக்கத்துப் பக்கத்தில் எதிரெதிர் விளைவு

ஹைப்போதலாமஸ் ஒரே வேலை செய்யும் ஒரே கட்டி அல்ல. சூரிச்சில் வால்டர் ஹெஸ் விழித்திருக்கும் பூனைகளின் மூளையடியில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, இடம் மாற்றி மாற்றித் தூண்டிப் பார்த்தார். ஓரிடத்தில் ரத்த அழுத்தம் ஏறியது, ஓரிடத்தில் பூனை சீறியது, ஓரிடத்தில் அகோரப் பசி வந்தது, இன்னோரிடத்தில் தூங்கிப்போனது. இந்த வேலைக்கு 1949-இல் நோபல் கிடைத்தது.

நம் கதைக்கு இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று நடுக்கோட்டை ஒட்டிக் கீழே இருக்கும் கரு. அதை உள்கரு என்று சொல்லிக்கொள்வோம். மற்றது அதன் வெளிப்பக்கம், அதாவது பக்கவாட்டுப் பகுதி. ஜப்பானில் தகாஷி ஷிமாசுவும் உடன் பணியாற்றியவர்களும் 1966-இல் முயல்களில் இரண்டையும் தனித்தனியே மின்சாரத்தால் தூண்டினார்கள். உள்கருவைத் தூண்டினால் ரத்தத்தில் சர்க்கரை ஏறியது, கல்லீரலில் கிளைக்கோஜன் குறைந்தது. பக்கவாட்டுப் பகுதியைத் தூண்டினால் போக்கு நேர்மாறாக இருந்தது. பின்னர் நொதிகளை அளந்து பார்த்தபோது, உள்கரு பரிவு நரம்பு வழியாகக் கிளைக்கோஜனை உடைக்கும் நொதியையும், பக்கவாட்டுப் பகுதி வேகஸ் வழியாக அதைச் சேர்க்கும் நொதியையும் தூண்டுவது தெரிந்தது. பெர்னார் தேடிய வேகஸுக்கும் கல்லீரலில் வேலை இருக்கத்தான் செய்தது, ஆனால் அவர் நினைத்ததற்கு எதிரான வேலை.

பசியோடும் இந்த இரண்டு இடங்களுக்குத் தொடர்பு உண்டு. உள்கருவை அழித்த எலிகள் கண்டபடி கொழுத்தன என்று 1940-இல் அமெரிக்காவில் கண்டார்கள். பக்கவாட்டுப் பகுதியை அழித்தால் எலி தின்பதையே நிறுத்திவிடுகிறது என்று 1951-இல் யேல் பல்கலைக்கழகத்தில் காட்டியவர்களில் ஒருவர் இந்தியரான பால் கிருஷ்ண ஆனந்த். அவர் நாடு திரும்பி, பிறகு டில்லி எய்ம்ஸின் உடலியல் துறையைக் கட்டியெழுப்பினார். பூனைகளில் அதே பகுதியை மின்சாரத்தால் தூண்டித் தீனி தின்ன வைத்த சோதனைகளும், ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது பசி மையங்களின் மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று அளந்த சோதனைகளும் அவருடைய குழு இந்தியாவில் செய்தவை. நம் பாடப்புத்தகங்களில் இவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

சர்க்கரையோடு விஷயம் முடிவதில்லை. உள்கருவைத் தூண்டினால் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் இறங்குகின்றன. எலியின் முதுகுப் பக்கம் இருக்கும் பழுப்புக் கொழுப்பு சூடாகிறது, அதாவது ஆற்றல் வெப்பமாக எரிகிறது. தசைகளும் இதயமும், இன்சுலின் கூடாமலே, அதிகக் குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் கல்லீரலிலிருந்து சர்க்கரை வெளியே வருகிறது, மறுபக்கம் தசை அதை உள்ளே வாங்குகிறது. முரண்பாடு மாதிரித் தெரியும். ஆனால் ஓடப்போகும் விலங்குக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டியவைதானே! ரத்தத்தின் அடர்த்திகூட மாறும். மிரண்ட குதிரையின் மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்திருந்த சிவப்பணுக்களை வெளியே தள்ளும். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால் சிவப்பணு அளவு உண்மையைவிட உயர்ந்து தெரியும்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது

‘மூளையைத் தூண்டினோம், சர்க்கரை மாறியது’ என்று ஒரு செய்தி வந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். எலியைக் கையில் தூக்கினாலே அதன் ஹார்மோன்கள் மாறத் தொடங்கிவிடும். காட்டுப் பறவைகளைப் பிடித்து ஆராய்பவர்கள், பிடித்த 3 நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்துவிடப் பார்ப்பார்கள். அதற்கு மேல் ஆனால் கார்ட்டிகோஸ்டீரோன் ஏறத் தொடங்கி, பிடிபட்ட பயத்தைத்தான் அளந்ததாக ஆகும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யலாமே என்றால், அங்கேயும் சிக்கல். விலங்குகளுக்குப் பரவலாகக் கொடுக்கும் சைலசின், இன்சுலினை அடக்கிச் சர்க்கரையை நன்றாகவே ஏற்றிவிடும். விலங்கு தின்றிருந்ததா, பட்டினியா, பகலா இரவா என்பதெல்லாம்கூடக் கணக்கில் வர வேண்டும். எலிக்குக் கார்ட்டிகோஸ்டீரோன் உச்சத்தைத் தொடுவது பொழுது சாயும் வேளையில்.

அதனால் நல்ல ஆய்வில் ரத்தக்குழாயில் ஒரு மெல்லிய குழாயை முன்கூட்டியே பொருத்திவிட்டு, விலங்கு தேறி அமைதியாக இருக்கும்போது தொடாமலே ரத்தம் எடுப்பார்கள். மின்முனை பொருத்தியும் மின்சாரம் செலுத்தாத ஒரு ஒப்பீட்டுக் கூட்டமும் இருக்கும். அது இல்லாத ஆய்வைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் மின்முனைக்கே ஒரு குறை உண்டு. அதன் மின்சாரம் அருகிலிருக்கும் எல்லா நரம்புச் செல்களையும், அந்த வழியாகச் சும்மா கடந்துபோகும் இழைகளையும் சேர்த்தே தூண்டும். எந்தச் செல் வேலை செய்தது என்று சொல்ல முடியாது. 2005-க்குப் பிறகு பரவிய ஆப்டோஜெனிட்டிக்ஸ் இதைத் தீர்த்தது. ஒளி பட்டால் திறக்கும் ஒரு புரதம் பச்சைப்பாசியில் இருக்கிறது. அதன் மரபணுவை வேண்டிய வகைச் செல்களில் மட்டும் புகுத்திவிட்டு, மெல்லிய ஒளியிழை வழியாக ஒளியைப் பாய்ச்சினால் அந்தச் செல்கள் மட்டும் தூண்டப்படும். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2016-இல் சுண்டெலிகளின் உள்கருவில் ஒரே ஒரு வகைச் செல்லை இப்படித் தூண்டியது. சர்க்கரை நீரிழிவு அளவுக்கு ஏறியது. அதே செல்களை அடக்கி வைத்துவிட்டு இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைத் தாழ்த்தியபோது, சுண்டெலியால் அதை மீட்டெடுக்க முடியவில்லை. அந்தச் செல்களிலிருந்து பல இடங்களுக்கு இழைகள் போகின்றன. அவற்றில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போகும் இழைகளைத் தூண்டினால் மட்டுமே இந்த விளைவு வந்தது. முகுளத்தை ஊசியால் குத்திய காலத்திலிருந்து ஒரு தனி இழைக்கற்றை வரை வந்திருக்கிறோம்.

மனிதர்களில்? நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில், ஒரே எண்ணமும் செயலும் விடாமல் துரத்தும் ஓ.சி.டி. என்ற மனநோய் மருந்துக்கு அடங்காமல் கடுமையாக உள்ளவர்களுக்கு மூளையின் ஆழத்தில் மின்முனை பொருத்தும் சிகிச்சை நடக்கிறது. அப்படிப் பொருத்திக்கொண்ட ஒருவருக்கு டைப் 2 நீரிழிவும் இருந்தது. சிகிச்சைக்குப் பிறகு அவருக்குத் தேவைப்பட்ட இன்சுலின் குறைந்தது. அதைக் கவனித்த மருத்துவர்கள், நீரிழிவு இல்லாத மற்ற நோயாளிகளிடம் கருவியை இயக்கியும் அணைத்தும் அளந்தார்கள். கருவி இயங்கும்போது உடல் இன்சுலினுக்கு நன்றாக இணங்கியது. சுண்டெலிகளில் மூளையின் அதே வட்டாரத்தில் டோபமைன் என்ற மூளை ரசாயனத்துக்குப் பதில் தரும் செல்களை ஒளியால் தூண்டியபோதும் அதே பக்கம்தான் மாற்றம் தெரிந்தது. 2018-இல் இது வெளியானது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த இடம் ஹைப்போதலாமஸ் அல்ல, ஆசையோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய பகுதி. சர்க்கரையில் கை வைத்திருக்கும் மூளைப் பகுதிகளின் பட்டியல் பெர்னார் காலத்தில் நினைத்ததைவிட நீளமானது.

இதை நீரிழிவுக்கான சிகிச்சையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மண்டையைத் துளைத்துச் செய்யும் அறுவையில் ரத்தக்கசிவும் தொற்றும் வர வாய்ப்புண்டு. இன்சுலின் ஊசியோ மாத்திரையோ செய்யும் வேலைக்கு அவ்வளவு பெரிய ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வேறு நோய்க்காக ஏற்கெனவே அந்த அறுவை செய்துகொண்டு, கூடவே நீரிழிவும் உள்ள ஒருவருக்குக் கருவியின் அளவை மாற்றும் நாளில், அவருடைய சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.